பதினொன்று புள்ளி நான்கு

காற்று ஒரே எண்ணை இரண்டு முறை சொல்லாது. இதை யாரும் செம்மலருக்குச் சொல்லித் தந்ததில்லை, ஒன்றரை வருஷம் காற்றின் பின்னாலேயே அலைந்ததில் அவளாகத் தெரிந்துகொண்டது. மலைமேல் அவள் நட்டு வைத்த கம்பத்துப் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எண் அனுப்பும், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. பன்னிரண்டு புள்ளி ஒன்று, பதின்மூன்று, பதினொன்று புள்ளி எட்டு, கடைசி இலக்கத்தில் எப்போதும் ஒரு பிசிறு இருக்கும், அந்தப் பிசிறுதான் காற்று. பதினொன்று புள்ளி நான்கு என்று ஐந்து தரம் அடுத்தடுத்து வந்தால் அது காற்று இல்லை, கிழிக்க மறந்த காலண்டர். நாலாங்கிளாஸ் பிள்ளை பார்த்திருந்தால்கூடக் கேட்டிருக்கும். யார் பார்த்தது? அவளே பார்க்கவில்லை. அன்று மதியம் மதுரையில் விடுதி மாடியில் தலைமுடியைக் காய வைத்துக்கொண்டு, பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் ஆறரை மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறீர்கள், ஆண்களுக்கு இருட்டு வராதா என்று வார்டனிடம் கேட்கப்போகும் கேள்விக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கேள்விதான். இப்போதும் அது நல்ல கேள்விதான். ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் ஈர முடியின் ஷாம்பு வாசனை வருகிறது. ஊசிமெட்டுக்கு ஏறும் இந்த ஒற்றையடிப் பாதையில் காலை ஊன்றி ஊன்றி ஏறும்போது மூச்சோடு சேர்ந்து அந்த எண்ணும் ஏறுகிறது, இழுக்கையில் பதினொன்று, விடுகையில் புள்ளி நான்கு. பத்தடி பின்னால் பாண்டியம்மா வருகிறாள். வனராஜின் அக்கா. வனராஜ் குடையோடு பாறையில் விழுந்து செத்து இன்றோடு ஒன்பது நாள்.

குடை என்றுதான் ஊரில் சொல்வார்கள். பாராகிளைடிங் என்பதெல்லாம் கீழே கொட்டகையில் ஜெயசீலன் எழுதிப் போட்டிருக்கும் பலகைக்கு. பறக்கும் கழகம் அவருடையது, குடைகளும் ஜீப்பும் அவருடையவை, வனராஜ் அவரிடம் ஆறு வருஷமாகச் சுற்றுலாக்காரர்களை முன்னால் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்து அடிவாரத்துத் தரிசில் பத்திரமாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தவன். இன்று காலை செம்மலர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அவர் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "திங்கக்கிழமை விசாரணைக்கு வர்றாங்க. அதுக்குள்ள பெட்டியைக் கழட்டி எடுத்துட்டு வந்துரும்மா. உள்ள இருக்கிற மெமரி கார்டு தனியா உன்கிட்டயே இருக்கட்டும். பெட்டிக்குள்ள மழைத்தண்ணி எறங்கிருச்சு, ஒண்ணும் பதிவாகலைனு சொல்லிக்கலாம்." "மாசி மாசத்துல எந்த மழை சார்?" "பனினு வச்சுக்க. நீதானம்மா இன்ஜினியர், எல்லாத்தையும் நானே சொல்லித் தரணுமா?" பொய் சொல்வதற்காவது பருவம் பார்க்க வேண்டாமா இந்த மனுஷன் என்று அவளுக்குக் கோபம் வந்தது, பொய்யின் மேல் வராமல் பருவத்தின் மேல் வந்தது, அதைக் கவனித்துவிட்டுத் தன் மேலேயே இன்னொரு கோபம் வந்தது. அப்போது பாண்டியம்மா கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள், கோயிலுக்கு வந்தவள்போல. தம்பி விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். ஜெயசீலனுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. "இந்தப் பாப்பாகூடப் போங்கக்கா. மெட்டுல மெஷினையும் பாத்துடலாம், அங்கன இருந்தே அந்தப் பாறையும் தெரியும். ரெண்டு பேருக்கும் தொணையாச்சு." துணை. அந்தச் சொல்லைச் செம்மலர் முதுகில் ஏற்றி அனுப்பிவிட்டார். பையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், அதோடு இதுவும்.

"அந்த மெஷினு பேசுமா பாப்பா?" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. "பேசாதுக்கா. எண் மட்டும் அனுப்பும். போன்ல பாத்துக்கலாம்." "ஓகோ." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "அப்ப ஏன் மெஷினு சொல்லியும் கேக்காமப் போனான்கிறாக?" செம்மலர் காலடியில் ஒரு கல் புரண்டதாகப் பாவனை செய்து குனிந்தாள். நிற்கிற இடத்தில் என்ன காற்று என்று சொல்ல எந்திரம் வேண்டாம், கன்னமே போதும். பறக்கும் மேடு மலையின் மடிப்புக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது, அங்கே எப்போதும் சாதுக் காற்றுதான். சனி இருப்பது ஊசிமெட்டில், இரண்டு மலைக்கு நடுவே இருக்கும் அந்தச் சந்தில். மேற்கே இருக்கிற காற்றெல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து இந்தப் பக்கம் கொட்டும், மேட்டில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, குதித்து நாலு நிமிடம் கழித்துத்தான் தெரியும். அதனால் கழகத்தில் முன்பெல்லாம் ஒரே ஒரு சட்டம் இருந்தது, பதினொரு மணிக்கு மேல் யாரும் பறப்பதில்லை. சென்னையிலிருந்து வந்தாலும் சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் இல்லை, நாளைக் காலையில் வாருங்கள். அந்தச் சட்டத்துக்கு சிம் கார்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம், முதுகலை ஆய்வு மாணவி வேண்டாம். அதை ஒழித்தது அவளுடைய பெட்டி. மெட்டில் என்ன அடிக்கிறது என்று மேட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றானதும் மதியமும் பறந்தார்கள், சாயங்காலமும் பறந்தார்கள். வெளிநாட்டுக் கருவி ஒன்றின் விலையில் இதுபோல முப்பது செய்யலாம், மலைக்கு மலை வைக்கலாம், பறப்பது பணக்காரன் விளையாட்டு என்றால் பறக்க வைக்கிறவன் யார், அவன் உயிருக்கு யார் கருவி செய்வது என்று அவள் கருத்தரங்கில் பேசினபோது பின்வரிசையிலிருந்து கைதட்டினார்கள்.

காற்றைப் பிடித்துச் சுற்ற, பாத்திரக்கடையில் வாங்கின மூன்று குழிக்கரண்டிகள், காம்பை அறுத்து எடுத்தவை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து உருவிய பேரிங். தெருவிளக்கில் இருக்கும் சோலார் பலகை. "காத்தை மோந்து யாருக்குங்க மேடம் ஊத்தப் போறீங்க?" என்று கேட்டான் வனராஜ், முதல் நாள். மேடம் என்று கூப்பிடாதீர்கள், நீங்கள் என்னைவிட மூத்தவர், இது ஒரு அடிமைப் பழக்கம் என்று அரைமணி நேரம் எடுத்துச் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம்" என்றான். எந்த வேகத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் பண்ண வேண்டியிருந்தது, அதற்கான சோதனைக்கூடம் கேட்டு எழுதின கடிதம் பல்கலைக்கழகத்தில் மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது, அவன்தான் பைக்கை எடுத்தான். காற்றே இல்லாத விடியற்காலை, பைபாஸ் சாலை, பின்னால் அவள் கம்பத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு. இருபது, எழுதிக்கங்க. முப்பது. நாப்பது. நாற்பதில் கரண்டிகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு வெள்ளி வளையம்தான் தெரியும், பல் கூசுகிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். ஒரு போலீஸ்காரர் மறித்தார். "என்னய்யா இது?" "காத்தை அளக்குறோம் சார்." "அளந்து?" "அளந்து வச்சுக்குவோம் சார்." அவர் போகச் சொல்லிவிட்டார். அவன் முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அந்த முதுகு. அந்த முதுகைத்தான் பாறையிலிருந்து நாலு பேர் போர்வையில் புரட்டி எடுத்திருக்கிறார்கள். அவள் பார்க்கவில்லை, போகவில்லை, பரீட்சை என்று சொல்லிவிட்டாள், அன்று பரீட்சை எதுவும் இல்லை. நாற்பது, எழுதிக்கங்க மேடம். எழுதிக்கொண்டாள். நாற்பதில் அந்த வளையம் எப்படிச் சுற்றும் என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவன் இப்போது இல்லை.

நிரலில் ஒரே ஒரு வரி. புதிய எண் வராவிட்டால் கடைசியாக வந்ததையே காட்டு. அவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை. முதலில் அப்படி இல்லை, மலையில் சிக்னல் போனால் எண் இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு வரும், தெரியாது என்று அர்த்தம். ஜெயசீலன்தான் கேட்டார். "அந்தக் கோட்டை எடுத்துரும்மா. மெஷின் ரிப்பேருனு நெனச்சு வர்றவன் திரும்பிப் போயிடுறான்." ஆக, அவர்தான் குற்றவாளி. சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? கம்பம் பதினெட்டு அடியா இருபது அடியா என்று அவரோடு ஒரு வாரம் சண்டை போட்டாயே. எழுத்து பச்சையா நீலமா என்று சண்டை போட்டாயே. கம்பத்துப் பலகையில் வனராஜின் பெயரும் வர வேண்டும், உழைத்தவன் பெயர் இல்லாத கருவி என் கருவி இல்லை என்று நடுரோட்டில் நின்றாயே, பேரும் வந்ததே. கோட்டை எடு என்றபோது வாய் எங்கே போயிற்று? பஸ் ஸ்டாண்டில் இருந்தேன், போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. பொய். எண்பது சதவீதம் இருந்தது. சரி, களைப்பாக இருந்தது. பொய். இதற்கு மேல் பாதை செங்குத்தாகப் போகிறது, கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், புல் உள்ளங்கையை அறுக்கிறது, அறுக்கட்டும். கோடு விழும் நேரமெல்லாம் அவளுடைய ஆய்வுக் கட்டுரையில் ஓட்டை. நூறு மணி நேரத்தில் எழுபத்தொரு மணி நேரத்துக்குத்தான் உடனுக்குடன் எண் வருகிறது, இதை எந்தக் கருத்தரங்கு எடுக்கும்? அந்த வரியை எழுதின மறுநாள் ஓட்டையெல்லாம் அடைந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மணி நேரம் தடையின்றி இயங்கும் மலிவு விலைக் கருவி. வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, நல்லா வந்திருக்கு, அனுப்பிரு என்றார். அனுப்பினாள். ஜெயசீலனுக்கு வேண்டியதும் அவளுக்கு வேண்டியதும் ஒரே வரியில் இருந்தது, அதனால்தான் வாதம் வரவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு தரமும் காலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடும், டவர், மின்தடை, வனத்துறை, யாராவது, ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, சுற்றிவிட்டு இதே வரியில் வந்து முட்டுகிறது.

மின்தடையும் உண்மைதான். அன்று மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை, பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். மெட்டுக்கு சிக்னல் கொடுக்கும் அடிவாரத்து டவர் பேட்டரியில் ஓடி, இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு எண்ணை வாங்கி அனுப்பிவிட்டு அணைந்துபோனது. பறக்கும் மேட்டுக்கு வேறு டவர், அங்கே போன் வேலை செய்தது, பெட்டியின் இணையப் பக்கம் திறந்தது, பச்சை எழுத்தில் பதினொன்று புள்ளி நான்கு. இருபத்தைந்துக்குக் கீழே என்றால் பறக்கலாம். வெளியூர்க் குடும்பம் ஒன்று காத்திருந்திருக்கிறது. ஆளை ஏற்றும் முன் நான் ஒரு சுற்று போய்ப் பார்த்துட்டு வந்துர்றேன் என்று வனராஜ் தனியாகக் குதித்தபோது மணி இரண்டு ஐம்பத்தைந்து. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே டவர் உயிர் பெற்றுவிட்டது, பெட்டி சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது. விடுதி அறையில் அவள் பார்த்தாள். ஒரு பக்கம் போனில் காட்டியது, பதினொன்று புள்ளி நான்கு, பதினொன்று புள்ளி நான்கு, பதினொன்று புள்ளி நான்கு. மறுபக்கம் மெட்டில் நிஜமாக அடித்தது, பத்தொன்பது, இருபத்தேழு, முப்பத்து மூன்று, நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு, இரண்டு ஐம்பதுக்கு. இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு வனராஜின் போன் பக்கத்தைத் திறந்ததும் பதிவாகியிருந்தது. கணினியை மூடிவிட்டுக் கை கழுவினாள். மறுநாள் பேப்பரில் வந்தது, காற்றின் வேகத்தைப் பொருட்படுத்தாமல் பறந்த பயிற்சியாளர் பலி. பொருட்படுத்தாமல். பொருட்படுத்தினான் ஐயா, பார்த்தான், என் பக்கத்தைத்தான் பார்த்தான் என்று அந்தச் செய்தியாளனைக் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது. எண்ணைக்கூடத் தேடி எடுத்தாள். கூப்பிடவில்லை. மாணவி செய்த கருவியால் மரணம் என்று வரும். பட்டம் போகும், அப்பா மில்லில் தலைகாட்ட முடியாது, வழக்குப் போடுவார்கள். பயம் வந்து உட்கார்ந்துகொண்டால் கேள்வி எதுவும் வருவதில்லை என்று அவளுக்கு இருபத்து மூன்று வயசில்தான் தெரிகிறது.

"குடிச்சிருப்பான்னும் சொல்றாக பாப்பா," என்கிறாள் பாண்டியம்மா, மூச்சு வாங்க. போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறவள், நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற உடம்பு, மலை ஏறிப் பழக்கம் இல்லை. கிட்டே வந்தால் சேலையில் ஏலக்காய் வாசம் அடிக்கிறது. "எங்க கிட்டங்கியிலயே பேசுறாளுக. காய்க்குள்ள சொத்தையைப் பாத்து எடுக்கிற மாதிரி எந்தம்பிய எடுத்து எடுத்துப் பாக்குறாளுக. குடிக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா எதையும் நின்னு பாக்குறதும் கெடையாது அவன். பள்ளிக்கூடத்துக்கே சிலேட்டை வச்சுட்டுப் போயிருவான்." "அவர் பார்ப்பாருக்கா" என்று செம்மலரின் வாயிலிருந்து வந்துவிட்டது, மெதுவாக. "என்னது?" "ஒண்ணுமில்லக்கா. இங்க வழுக்கும், பாத்து வாங்க." மேலே வானம் சந்துபோல் பிளந்து தெரிந்தது. காற்று முதலில் காதில் வந்தது, பிறகு கண்ணில், பிறகு பாண்டியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது, அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கம்பம் நின்றது. கரண்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்பது நாளாக யாரும் பறக்கவில்லை, கேட்க ஆள் இல்லாமலேயே அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தப் பாறை எது என்று செம்மலர் கையைக் காட்டினாள். பாண்டியம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். அழுகை வரும் என்று செம்மலர் பயந்தாள், வரவில்லை, அதற்கு இன்னும் பயந்தாள். பாண்டியம்மா திரும்பிக் கம்பத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். "இம்புட்டு ஒசரத்துல கொண்டாந்து நட்டிருக்க. ஒத்தப் பொட்டப்புள்ள. எந்தம்பி ஒரு நிமிசம் நின்னு பாத்திருந்தா ஆச்சு. பாக்காமப் போயி விழுந்து, ஒன்னையும் விசாரணை அது இதுன்னு அலைய விட்டுட்டான். மனசுல வச்சுக்காத தாயி. அவனுக்காக நான் கேட்டுக்கிறேன்." சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கையை எறக்குங்கக்கா." அவள் இறக்கவில்லை. "எறக்குங்க. அவர் பாத்துட்டுத்தான் போனார்." காற்றில் கேட்கவில்லையோ என்று கிட்டே போய் இன்னொரு முறை சொன்னாள். பாண்டியம்மா அவள் வாயையே பார்த்தாள், தராசு முள்ளைப் பார்ப்பதுபோல. "என்னா காட்டுச்சு?" "பதினொண்ணு." "அது நல்லதா?" "நல்லது. பறக்கலாம்." "நெசத்துக்கு எம்புட்டு அடிச்சுச்சு?" "நாப்பத்திரண்டு." "அப்பறம் ஏன் பதினொண்ணுனு காட்டுச்சு?" டவர் வந்து நின்றது, மின்தடை வந்து நின்றது, ஜெயசீலன் வந்து நின்றார், எழுபத்தொன்றும் தொண்ணூற்றெட்டும் கைகட்டி நின்றன, ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்த அத்தனை வாதமும் வரிசையில் நின்றது, எதற்கும் அந்த முகத்துக்கு முன்னால் வாய் இல்லை. "நான் அப்படி எழுதி வச்சிருந்தேன்கா. புதுசு வரலைன்னா பழசையே காட்டுன்னு. நான்தான்." "இது ஒனக்கு எப்பத் தெரியும்?" "அன்னைக்கு ராத்திரியே." பாண்டியம்மா கம்பத்தின் அடியில் அப்படியே உட்கார்ந்தாள். பேசினபோது செம்மலரைப் பார்த்துப் பேசவில்லை. "ஆசுபத்திரியில துணியை வெலக்கிக் காட்டுனாக. மொகத்துல ஒரு காயமில்ல. நான் அழுகல. அந்த மொகத்தைப் பாத்து வஞ்சேன். சொன்னதைக் கேட்டாத்தானடா நீ, எமங்கிட்டப் போக அப்படி என்னடா அவசரம்னு வஞ்சேன். தூக்குறப்பவும் வஞ்சேன். நேத்து வெளக்கேத்துறப்பவும் வஞ்சேன். நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எந்தம்பிய வஞ்சிருக்க மாட்டேன்." செம்மலர் மன்னிப்பு என்று தொடங்கப் போனாள், அந்தச் சொல்லை இங்கே ஏற்கெனவே தப்பான ஆள் கேட்டுவிட்டாள், மறுபடி எடுக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்தாள், ஒரு திருகாணி நழுவிப் புல்லுக்குள் போயிற்று. கார்டை உருவி நீட்டினாள். "எல்லாம் இதுல இருக்குக்கா. வச்சுக்குங்க." "இதை வச்சு நான் என்ன செய்ய? எனக்குப் படிக்கத் தெரியுமா இதை? எத்தனை மணிக்கு வர்றாக திங்கக்கிழமை?" "பத்துக்கு." "முன்னாடி வந்து உக்காந்துருப்பேன். அந்தக் கொட்டகைக்காரன் கண்ணைக் காட்டுவான், ஒங்க வாத்தியாரு காட்டுவாரு. யாரையும் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு." எழுந்து, சேலையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு, கூட வருகிறாயா என்று கேட்காமல் இறங்கத் தொடங்கினாள். வளைவு திரும்பி உருவம் மறைந்த பிறகுதான் கேட்டது. வனராசு, எஞ்சாமி, வனராசு என்று பெயர் சொல்லி அழுகிற குரல், ஒன்பது நாள் தேங்கினது மொத்தமும். செம்மலர் கார்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை அங்கேயே நின்றாள். கிட்டே போகவில்லை.